தலைக்குள் ஒரு மதகு

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், பத்து நாளைக்கு வீடு வீடாக இராது. பிளாஸ்கும் கையுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், ரசம் சாதம் குழையப் பிசைந்து கொண்டுபோவதும், ஊரிலிருந்து வந்து இறங்கும் அத்தைக்கும் சித்திக்கும் விவரம் சொல்லி மாளாமல் தவிப்பதும் நமக்கெல்லாம் பழகிப்போன சமாசாரந்தான். பதினோராம் நாள் நோயாளி வீடு திரும்பியதும் ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டு, “அப்பாடா! ஒரு கண்டம் தாண்டியாச்சு” என்று பெருமூச்சு விடுகிறோம். குடல்வால், டான்சில் போன்ற ஆபரேஷன் என்றால் அது நியாயமான பெருமூச்சுதான். எடுத்ததை எடுத்தாயிற்று, தைத்ததைத் தைத்தாயிற்று. அப்புறம் அதைப் பற்றி நினைக்கக்கூட வேண்டாம்.

ஆனால் இன்னொரு தினுசு ஆபரேஷன் உண்டு. அது முடிகிற அன்றைக்குத்தான் வீட்டாருடைய வேலை ஆரம்பமாகிறது. தலையில் நீர் கோத்துக்கொண்டவர்களுக்கு ‘ஷன்ட்’ என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து அனுப்புகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். நம் தெருவில், நம் குழந்தைகளின் வகுப்பில், ஏன், நம் உறவிலேயே அப்படி ஒருவர் இருக்கலாம். பார்த்தால் தெரியாது. தலைமயிருக்குள் காதுக்குப் பின்னால் ஒரு சிறு மேடு, கழுத்தில் தோலுக்கடியில் ஒரு கோடு, அவ்வளவுதான் அடையாளம். அவர்களோடு வாழ்வது எப்படி, அவர்களாகவே இருந்தால் வாழ்வது எப்படி என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். தலையில் நீர் இருப்பதே வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தலையிலும் இருக்கிறது, என் தலையிலும் இருக்கிறது. மூளைக்குள்ளே நான்கு சிறு அறைகள் இருக்கின்றன. அவற்றில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறுகிறது. மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி வந்து, கடைசியில் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. வளர்ந்த ஒருவருக்கு எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது சுமார் 150 மில்லி; அதாவது ஒரு காபித் தம்ளர் அளவு. ஆனால் ஒரு நாளைக்கு ஊறுவதோ சுமார் 500 மில்லி. காலையில் இருந்த நீர் மாலையில் இல்லை. அது போய், புது நீர் வந்துவிடுகிறது. மூளை இந்த நீரில் மிதப்பதால்தான் நாம் தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாலும் அதற்கு அடிபடுவதில்லை.

ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வரத்து இருக்கிற ஏரிக்குப் போக்கும் இருக்க வேண்டும். மதகு அடைத்துக்கொண்டால் மழை நிற்குமா? நிற்காது. தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், கரையை நெருக்கும். தலைக்குள்ளும் இதே கதைதான். சிலருக்குப் பிறக்கும்போதே அந்த அறைகளுக்கு நடுவிலுள்ள வாய்க்கால் குறுகிப்போயிருக்கும். சில குழந்தைகள் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கின்றன. அவர்களில் பலருக்கு நீரும் சேர்ந்துகொள்கிறது. குறைமாதத்தில் பிறந்த சிசுவின் தலைக்குள் ரத்தம் கசிந்து வழியை அடைக்கலாம். மூளைக்காய்ச்சல், காசநோய்க் கிருமி, கட்டி, தலையில் பட்ட அடி எல்லாம் இதற்குக் காரணங்கள்.

கைக்குழந்தைக்கு மண்டையோட்டின் மூட்டுகள் இன்னும் சேராததால் தலை பெரிதாகிறது. உச்சிக்குழி புடைத்து நிற்கிறது. கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிகிறது. பெரியவர்களுக்கோ மண்டையோடு இரும்புப் பெட்டி மாதிரி. அது விரிந்து கொடுக்காது. நெருக்கடியெல்லாம் மூளைக்குத்தான். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், தூக்கக் கலக்கம். கவனிக்காவிட்டால் நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்து.

இதற்கு மருந்து மாத்திரையால் நிலையான பரிகாரம் இல்லை. அடைத்த மதகுக்குப் பதில் வேறு மதகு வைக்கத்தான் வேண்டும். அதுதான் ஷன்ட். மூளையின் அறையிலிருந்து ஒரு சிலிக்கோன் குழாய் புறப்படுகிறது. மண்டைக்கு வெளியே, தோலுக்கடியில் ஒரு சின்ன வால்வு. அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகக் குழாய் இறங்கி வயிற்றறைக்குள் முடிகிறது. மிகுதியான நீர் அங்கே போய் உடம்போடு கலந்துவிடுகிறது. குழந்தையாக இருந்தால், வளர வளர எட்டட்டும் என்று வயிற்றுக்குள் கொஞ்சம் நீளமாகவே குழாயை விட்டுவைக்கிறார்கள். பாவாடைக்கு மடிப்புத் தைத்து வைக்கிறோமே, அதே யோசனை!

இந்தக் குழாயில் உயிர்நாடி அந்த வால்வுதான். அதைக் கண்டுபிடித்த கதை எந்தத் தொடர்கதைக்கும் இளைத்ததல்ல. அதில் இரண்டு தகப்பன்மார்கள் வருகிறார்கள். கேளுங்கள்.

1955. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம். ஜான் ஹோல்ட்டர் என்பவர் பூட்டுத் தயாரிக்கும் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து வந்த இயந்திரத் தொழிலாளி. அவருக்குப் பிள்ளை பிறந்தது. பெயர் கேஸி. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தை. தலையிலும் நீர் சேர்ந்துவிட்டது. அங்கே யூஜீன் ஸ்பிட்ஸ் என்ற சர்ஜன், நீரைக் கழுத்து ரத்தக்குழாய் வழியாக இருதயத்துக்கு வடித்துவிட முயன்றுகொண்டிருந்தார். வடிப்பது பெரிதல்ல; ரத்தம் எதிர்த்து மேலே ஏறிக் குழாயை அடைத்துவிடாமல் இருக்கவேண்டுமே! ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் கதவு ஒன்று வேண்டும். அது சின்னதாக இருக்கவேண்டும்; துருப்பிடிக்கக் கூடாது; உடம்பு அதைச் சகித்துக்கொள்ளவும் வேண்டும்.

டாக்டர் சொன்னதை ஹோல்ட்டர் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ரப்பரில் ஊசி குத்தி எடுத்தால் துளை தானாக மூடிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் மட்டும் கசிகிறது. இது பூட்டுக்காரர் கண்ணில் பட்டது. ரப்பரில் மெல்லிய கீறல் போட்டால் அதுவே கதவாகிவிடாதா? தம் வீட்டுப் பட்டறையில் உட்கார்ந்து செய்து பார்த்தார். சாதாரண ரப்பர் உடம்புக்குள் தாங்காது என்று தெரிந்ததும் சிலிக்கோனுக்கு மாறினார். சில வாரங்களில் வால்வு தயார். 1956ல் அதை வைத்து ஆபரேஷன் நடந்தது. ஆனால் முதலில் அது போனது வேறொரு குழந்தையின் தலைக்குள். கேஸியின் உடம்பு அப்போது ஆபரேஷனைத் தாங்கும் நிலையில் இல்லை. பிற்பாடு அவனுக்கும் வைத்தார்கள். இருந்தும் பையன் ஐந்து வயதுக்கு மேல் இருக்கவில்லை. தகப்பனார் செய்த வால்வோ உலகம் முழுவதும் போய், எத்தனையோ பேருடைய பிள்ளைகளைக் காப்பாற்றியது.

இரண்டாவது தகப்பனார் ரோல்ட் டால். உங்கள் குழந்தைகள் படிக்கும் ‘சார்லி அண்ட் த சாக்லேட் ஃபாக்டரி’யை எழுதியவர். அவர் மனைவி பட்ரீஷியா நீல், பெயர்பெற்ற சினிமா நடிகை. 1960 டிசம்பரில் நியூயார்க் வீதியில் அவர்களுடைய நான்கு மாதக் குழந்தை தியோ இருந்த தள்ளுவண்டியின் மேல் டாக்சி மோதிவிட்டது. மண்டை உடைந்தது. பிழைத்தான், ஆனால் தலையில் நீர் கோத்துக்கொண்டது. குழாய் வைத்தார்கள். அது அடைத்துக்கொண்டது. எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி வைத்தார்கள். மறுபடியும் அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் குழந்தைக்குப் பார்வை மங்கும், காய்ச்சல் வரும், மறுபடி ஆஸ்பத்திரி.

டால் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பியதும், ஸ்டான்லி வேட் என்ற எஞ்சினியரைப் பிடித்தார். பொம்மை விமானங்களின் எஞ்சினுக்குக் குட்டிக் குட்டிப் பம்புகள் செய்வதில் அவர் சூரர். லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கென்னத் டில் என்ற மூளை சர்ஜன் இருந்தார். எழுத்தாளர், எஞ்சினியர், சர்ஜன் மூவரும் சேர்ந்து சுலபத்தில் அடைக்காத வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். 1962ல் அது உபயோகத்துக்கு வந்தது. மூவர் பெயரும் அதற்கு உண்டு. அதிலிருந்து தமக்கு ஒரு காசு லாபம் வேண்டாம் என்று மூவரும் முடிவு செய்துகொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வால்வு தயாராவதற்குள் தியோ தேறிவிட்டான். அவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை! ஆனால் சுமார் 3,000 குழந்தைகளுக்கு அது பயன்பட்டது.

இந்தக் கதைகளை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னேன்? குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதை அந்தத் தகப்பன்மார்கள் ஒரு கணமும் மறக்கவில்லை என்பதற்காகத்தான். அதற்கப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எத்தனையோ புதுமைகள் வந்துவிட்டன. இன்றைக்கும் அடைக்கவே அடைக்காத குழாய் என்று ஒன்று கிடையாது. குழந்தைகளுக்கு வைக்கும் ஷன்ட்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 40, முதல் வருஷத்துக்குள்ளேயே பழுதாகின்றன. இரண்டு வருஷத்துக்குள் பாதிக்குப் பாதி. வைத்த மறுவாரமே பழுதானதும் உண்டு. இருபது வருஷம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நாள் நின்றுபோனதும் உண்டு. மூளைத் திசு போய் முனையை அடைக்கலாம், குழாய் அறுந்துபோகலாம், பிள்ளை வளர்ந்து குழாய் எட்டாமல் போகலாம். இவற்றில் டாக்டரின் கவனக்குறைவோ, தாயாரின் கவனக்குறைவோ எதுவும் இல்லை. மதகென்றால் அடைக்கும். அடைத்ததைக் காலத்தில் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? சர்ஜனா? அவர் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பார்க்கிறார். ஸ்கேன் யந்திரமா? அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. தினமும் தலைவாரிப் பின்னிவிடுகிற கை, தினமும் சாதம் போடுகிற கண், அதற்குத்தான் வித்தியாசம் முதலில் தெரியும். இதை ரொம்பவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏழு வயதுப் பெண். கைக்குழந்தையாக இருக்கும்போது ஷன்ட் வைத்தது. திங்கட்கிழமை காலையில் தலை வலிக்கிறது என்கிறாள். ஒரு தடவை வாந்தி எடுக்கிறாள். மாமியார், “நேற்று ராத்திரி அவ்வளவு பூரி வேண்டாம்னு சொன்னேனே, கேட்டியா?” என்கிறார். புருஷன், “இன்றைக்குக் கணக்குப் பரீட்சையாச்சே, அதான் தலைவலி!” என்று சிரித்துக்கொண்டே ஷூவை மாட்டுகிறார். போன மாதம் இப்படித்தான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி, ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ, பீஸ், ஒரு நாள் லீவு எல்லாம் தண்டம். இவளுக்கும் தயக்கமாக இருக்கிறது. ஆனால் குழந்தை வழக்கம்போல் இல்லை. பள்ளிக்கூடம் கிடையாது என்று சொல்லியும் துள்ளவில்லை. கார்ட்டூன் வைத்தாலும் கண் செருகுகிறது.

இந்த இடத்தில் அந்தத் தாயார் என்ன செய்ய வேண்டும்? சகோதரிகளே, புறப்பட வேண்டும். பூரியாக இருந்தால் ஒரு நாள் வீண். குழாயாக இருந்தால் ஒரு நாள் காத்திருந்ததற்குக் கொடுக்கும் விலை பார்வையாக இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம். சில பேருக்குச் சில மணி நேரத்திலேயே நிலைமை முற்றிவிடுகிறது. பத்துத் தடவை சும்மா போய்வந்ததற்கு வெட்கப்படவே வேண்டாம். வீட்டிலுள்ள மற்றவர்களும் அவளைப் பார்த்து, “நீ எப்பவும் இப்படித்தான்” என்று சொல்லாமல் இருப்பது பெரிய உதவி.

கவனிக்க வேண்டியவற்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓயாத தலைவலி, முக்கியமாகக் காலையில் எழுந்ததும் வருவது, வாந்தி, காரணமில்லாத தூக்கம், எரிச்சல், அழுகை, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, வலிப்பு, குழாய் போகும் வழியில் வீக்கம். சிசுவானால் உச்சிக்குழிப் புடைப்பு, தலை வேகமாகப் பெரிதாவது. காய்ச்சலும், தழும்பில் சிவப்பும், வயிற்று வலியும் சேர்ந்தால் குழாயில் கிருமி புகுந்திருக்கலாம். இது பெரும்பாலும் ஆபரேஷன் ஆன முதல் ஆறு மாதத்துக்குள் வருவது. நிற்கும்போது தலைவலித்து, படுத்தால் விட்டுப்போகிறதென்றால், நீர் தேவைக்கு மேல் வடிகிறது என்று சந்தேகிக்கலாம். எல்லோருக்கும் எல்லாமே வருவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒரு பிள்ளைக்குக் கழுத்து வலிதான் முதல் அறிகுறியாக இருக்கும். இன்னொன்று வெறுமனே பேச்சைக் குறைத்துவிடும். போன தடவை எப்படி ஆரம்பித்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பால் கணக்கு எழுதுகிறோம், இதை எழுதக்கூடாதா?

ஆஸ்பத்திரியில் போய் நின்றதும், “டாக்டர், குழந்தைக்குத் தலைவலி” என்று ஆரம்பிக்காதீர்கள். “இவளுக்குத் தலையில் ஷன்ட் இருக்கிறது” என்பதுதான் முதல் வாக்கியம். அவசரப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் இளம் டாக்டருக்கு அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். கையோடு பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டுபோக வேண்டும். இன்றைய படத்தை மட்டும் பார்த்தால் அறை பெரிதா சிறிதா என்று சொல்வது கஷ்டம். நன்றாக இருந்தபோது எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். காதுக்குப் பின்னாலுள்ள வால்வை நீங்களாக அமுக்கிப் பார்க்காதீர்கள். அது டாக்டர் வேலை.

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, குழந்தையைப் பஞ்சில் பொத்தி மூலையில் உட்கார்த்தி வைத்துவிடாதீர்கள்! தழும்பு ஆறிய பிறகு தலைக்கு எண்ணெய் தேய்த்து ஸ்நானம் செய்யலாம். அந்தப் பக்கம் படுத்துத் தூங்கலாம். ஓடலாம், ஆடலாம், நீந்தலாம், விமானத்தில் போகலாம். குத்துச்சண்டை மாதிரி தலையில் அடிபடும் விளையாட்டு மட்டும் வேண்டாம். மற்றவற்றை டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றில் அழுத்தம் ஏறினால் நீர் இறங்குவது தடைப்படலாம். கீரையும் பழமும் தண்ணீரும் இங்கேயும் உதவிக்கு வருகின்றன.

சில வால்வுகளைத் தலைக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் கூட்டிக் குறைத்து வைக்கலாம். ஆபரேஷன் இல்லாமலே அளவைத் திருத்த முடிவது பெரிய சௌகரியம். ஆனால் காந்தப் பொம்மை, காதில் மாட்டும் பெரிய ஒலிக்கருவி, காந்தம் வைத்த செல்போன் உறை முதலியவற்றை வால்வை ஒட்டினாற்போல் வைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்தால், எடுத்த பிறகு வால்வின் அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பது எந்த வால்வு என்று தெரிந்து வைத்துக்கொள்வது முதல் காரியம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீர் அழுத்திய மூளை சில குழந்தைகளுக்குப் பிற்பாடும் கொஞ்சம் சிரமம் கொடுக்கும். வாயாடி மாதிரி அழகாகப் பேசுவார்கள், கணக்கு ஏறாது. சொன்னதை மறப்பார்கள், கூட்டமும் சத்தமும் தாங்காது, சீக்கிரம் களைத்துப்போவார்கள். “இவ்வளவு வாய் பேசுகிறாயே, பெருக்கல் கணக்குப் போடத் தெரியவில்லையா? சோம்பேறி!” என்று திட்டுவது சுலபம். அந்தத் திட்டு நியாயமில்லாதது. வகுப்பு ஆசிரியையிடம் வருஷ ஆரம்பத்திலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். முன் பெஞ்சில் உட்கார வைக்கட்டும், ஒவ்வொன்றாகச் சொல்லட்டும், தலைவலி என்றால் உடனே வீட்டுக்கு போன் செய்யட்டும்.

மறைப்பதில் நமக்கு ஒரு சாமர்த்தியம் உண்டே! “பெண் குழந்தையாச்சே, வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்கு என்ன செய்வது?” என்று, பள்ளிக்கூடத்திலும் சொல்வதில்லை, பக்கத்து வீட்டிலும் சொல்வதில்லை. ஷன்ட் உள்ள பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை பெற்று, சுகமாக வாழ்கிறார்கள். பிரசவ காலத்தில் மகப்பேறு டாக்டரும் மூளை சர்ஜனும் கலந்து பேசிக்கொண்டால் போதும். வயிறு பெரிதாகும் கடைசி மாதங்களில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் தெருவில் மயங்கி விழுந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு, அவள் தலையில் ஒரு குழாய் இருக்கிறது என்று தெரியாமல் போனால்? மறைத்ததன் பலன் அப்போது தெரியும்.

இன்னும் ஒரு நாள் வரும். பெண்ணுக்குப் பதினேழு, பதினெட்டு வயதாகும். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைக்கும். அதுவரை மதகுக்குக் காவல் இருந்தது அம்மா. இனி யார்? “நான் கூடவே வந்து வீடு எடுத்து இருக்கேன்” என்பது பாசந்தான். ஆனால் அது தீர்வு ஆகாது. காவல் கைமாற வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அவளையே பதில் சொல்லப் பழக்குங்கள். வால்வின் பெயர் அவளுக்குத் தெரியட்டும். நோட்டு அவள் கையில் இருக்கட்டும். ஹாஸ்டலில் கூட இருக்கும் தோழி ஒருத்தியிடம், “நான் வாந்தி எடுத்துக்கொண்டு தூங்கித் தூங்கி விழுந்தால் எழுப்பாமல் விடாதே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ” என்று சொல்லி வைக்கும் தைரியம் அவளுக்கு வரட்டும். தாயார் செய்யும் காரியங்களில் இதைவிடக் கஷ்டமானது வேறில்லை.

காவல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் அத்தாட்சி சொல்கிறேன். உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற அமெரிக்க சர்ஜன் குழந்தைகளுக்கு ஷன்ட் வைத்து வந்தார். 195 குழந்தைகளைக் கவனித்து அவர் 2005ல் வெளியிட்ட முடிவு நமக்கும் பெருமை தருவது. சுமார் 35 டாலர் விலையுள்ள இந்தியத் தயாரிப்பான சாப்ரா ஷன்டும், சுமார் 650 டாலர் விலையுள்ள மேல்நாட்டு ஷன்டும் ஓராண்டுக்குப் பின் ஒரே மாதிரிதான் வேலை செய்தன! ஆனால் மலிவாகக் கிடைத்தும் அவர் கவலை தீரவில்லை. தூரத்துக் கிராமத்தில் ஒரு குழந்தைக்குக் குழாய் அடைத்துக்கொண்டால், ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் காரியம் மிஞ்சிவிடுமே! அதனால் குழாயே வைக்காமல், நுண்ணிய கருவியால் மூளை அறையின் அடியில் சிறு துவாரம் போட்டு நீருக்கு வழிவிடும் முறையை, சிசுக்களுக்கும் ஏற்றபடி அவர் வளர்த்தார். இந்த முறை எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துகிறவர்களுக்குக் குழாய்க் கவலையே இல்லை. உங்கள் சர்ஜனைக் கேட்பதில் தவறில்லை. ஆஸ்பத்திரிக்கு நமக்குப் பஞ்சமுமில்லை. 1949ல் வேலூரில் டாக்டர் ஜேகப் சாண்டியும், 1950ல் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சைக்கு வித்திட்டார்கள். எட்டும் தூரத்தில் வைத்தியம் இருக்கும்போது தயங்கி நிற்கலாமா?

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடை தேய்கிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை, மறதி கூடுகிறது. “வயசாச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். அவர்களில் சிலருக்குத் தலையில் நீர் மெல்ல மெல்லச் சேர்ந்திருக்கலாம். கொலம்பியா நாட்டு சாலமன் ஹாக்கிம் என்ற டாக்டர் 1965ல் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். ஷன்ட் வைத்த பிறகு எழுந்து நன்றாக நடந்தவர்கள் உண்டு. எல்லா முதுமையும் இதுவாகாது. ஆனால் மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது.

குழந்தைக்குத் திட்டமிடும் இளம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குறையைப் பெருமளவு தடுக்கலாம். ஏற்கெனவே அப்படி ஒரு குழந்தை உண்டான தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்ததில் மறுபடி வருவது 72 சதவிகிதம் குறைந்தது என்று 1991ல் ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. அந்தத் தண்டு மூடிக்கொள்வது கரு உண்டான முதல் 28 நாளைக்குள். அதாவது, பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரியாத காலம். ஆகவே கர்ப்பம் தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். முன்பு அப்படிக் குழந்தை பிறந்திருந்தால் டாக்டர் கூடுதல் அளவு சொல்வார்.

கடைசியாக, ஷன்ட் உள்ள வீட்டாருக்கு இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை. ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள். பெயர், ரத்த வகை, ஷன்ட் வைத்த தேதி, வால்வின் பெயரும் அளவும், சர்ஜன் பெயர், ஆஸ்பத்திரி, கடைசியாக ஸ்கேன் எடுத்த நாள், நெருங்கிய இருவரின் டெலிபோன் நம்பர். இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்று உங்கள் கைப்பையில். இன்னொன்று குழந்தையின் பென்சில் டப்பாவில். செல்போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி ஒன்றுமில்லை. குழந்தை விளையாடப் போகட்டும், நீங்களும் கொஞ்ச நேரம் காலை நீட்டி உட்காருங்கள்.